விடியட்டும் என்று காத்திராதீர்கள்

குறித்த காலத்துக்கு முன்பே நோ கண்டு வைத்தியசாலைக்கு வரும் கர்ப்பிணியிடம் பெரும்பாலும் முதலில் கேட்கப்படுவது, "ஏன் பிள்ளை இவ்வளவு நேரமும் பொறுத்துக்கொண்டு இருந்தனீ?" என்ற கேள்விதான். கேட்பவர் வைத்தியராக இருக்கலாம், தாதியாக இருக்கலாம், கூட வந்த அயலவராகவும் இருக்கலாம். ஆனால் விடை சொல்ல அவளுக்கு நேரம் கொடுக்கப்படுவதில்லை. அது ஒரு கண்டிப்பாகவே அவள் காதில் விழுகிறது. அவளும் தலையைக் குனிந்துகொள்கிறாள்.

நான் வன்னியில் பல வருடங்கள் குடும்பநல உத்தியோகத்தராகக் கடமையாற்றி ஓய்வு பெற்றவள். போர் நடந்த காலத்திலும், நலன்புரி முகாம்களிலும், மீள்குடியேற்றத்தின் பின்னரும் கர்ப்பிணித் தாய்மாரின் வீடுகளுக்குப் போய் வந்திருக்கிறேன். வைத்தியசாலையில் சொல்ல முடியாத விடையை அவர்கள் தங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து ஆறுதலாக எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவற்றைக் கேட்டதில் எனக்கு ஒன்று தெளிவாகியது. பிந்தி வந்த தாய்மாரில் கவலையீனத்தால் பிந்தியவர்கள் மிகச் சிலரே. மற்ற எல்லோரிடமும் ஒரு நியாயம் இருந்தது. அந்த நியாயங்களை விளங்கிக்கொள்ளாமல் "கெதியாய் வாருங்கள்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பதால் பயன் இல்லை. ஆகவே அவற்றை இங்கே ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

குறைமாத நோ என்பது எது?

ஒரு கர்ப்பம் முழுமையடைய ஏறத்தாழ 40 வாரங்கள் செல்கின்றன. 37 வாரங்கள் பூர்த்தியாவதற்கு முன் பிரசவ நோ தொடங்கினால் அதனைக் குறைமாத நோ என்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020ஆம் ஆண்டில் உலகில் 1 கோடியே 34 இலட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன. அதாவது பத்துக் குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்று. ஐந்து வயதுக்கு முன் இறந்துபோகும் சிறுவர்களின் இறப்புக்கு முதற் காரணமாக இருப்பதும் குறைமாதப் பிறப்பினால் வரும் சிக்கல்களே.

குறைமாத நோ யாருக்கும் வரலாம். முன்பு குறைமாதத்தில் பெற்றவர்கள், இரட்டைப் பிள்ளைகளைச் சுமப்பவர்கள், சலக்கடுப்பு போன்ற கிருமித் தொற்று உள்ளவர்கள், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள், மிக இளவயதில் கர்ப்பமானவர்கள், ஒரு பிள்ளை பெற்றுச் சில மாதங்களிலேயே அடுத்த பிள்ளையைச் சுமப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இவை ஒன்றுமே இல்லாத தாய்க்கும் அது வருவதுண்டு. ஆகவே, "நான் ஒரு பிழையும் செய்யவில்லையே, எனக்கேன் வரப்போகிறது?" என்று எவரும் எண்ணிவிடக் கூடாது.

சில மணித்தியாலங்களின் பெறுமதி

"நேரத்தோடு போனால் மட்டும் நோவை நிற்பாட்டி விடுவார்களா?" என்று தாய்மார் கேட்பார்கள். நல்ல கேள்வி. பல வேளைகளில் குறைமாதப் பிரசவத்தை முற்றாகத் தடுக்க முடிவதில்லை என்பது உண்மைதான். ஆனால் நேரத்தோடு வந்தால் பிள்ளையைப் பிறப்புக்குத் தயார்படுத்த முடியும்.

வயிற்றில் இருக்கும் குழந்தையின் நுரையீரல் கடைசி வாரங்களிலேயே முற்றுகிறது. காற்றறைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் காக்கின்ற ஒரு வழுவழுப்பான பொருள் அங்கே சுரக்க வேண்டும். அது போதாமல் பிறக்கும் குழந்தை ஒவ்வொரு மூச்சுக்கும் போராடுகிறது. நியூசிலாந்தின் ஓக்லாந்து நகரைச் சேர்ந்த லிகின்ஸ், ஹோவி என்னும் இரு வைத்தியர்கள், தாய்க்கு ஸ்டீரொயிட் ஊசி போட்டால் வயிற்றிலிருக்கும் பிள்ளையின் நுரையீரல் விரைவாக முற்றும் என்பதை 1972இல் வெளியிட்டார்கள். முதலில் செம்மறியாடுகளிலே கண்டறியப்பட்ட விடயம் அது. இன்று உலகெங்கும் குறைமாதக் குழந்தைகளின் உயிரைக் காக்கும் முக்கிய மருந்துகளில் ஒன்றாக இருக்கிறது. மூச்சுத் திணறலை மட்டுமல்ல, மூளையில் ஏற்படும் இரத்தக் கசிவையும் அது குறைக்கிறது.

ஆனால் இந்த ஊசிக்கு நேரம் வேண்டும். 24 வாரத்துக்கும் 34 வாரத்துக்கும் இடைப்பட்ட கர்ப்பத்தில் இது தவணைகளாகப் போடப்படுகிறது. போடத் தொடங்கி ஒரு நாள் கடந்த பின்னரே அதன் முழுப் பயனும் பிள்ளைக்குக் கிடைக்கும். அந்த ஒரு நாளை, இரண்டு நாளைச் சம்பாதித்துக் கொடுப்பதற்காகக் கருப்பையின் இறுக்கத்தைத் தற்காலிகமாகத் தணிக்கும் மருந்துகளை வைத்தியர்கள் கொடுப்பார்கள். தண்ணீர்க்குடம் முன்பே உடைந்திருந்தால் கிருமி தொற்றாமல் மருந்து கொடுப்பார்கள். சிறிய வைத்தியசாலையாக இருந்தால், குறைமாதக் குழந்தையைப் பராமரிக்கும் வசதியுள்ள வைத்தியசாலைக்குத் தாயை அனுப்பி வைப்பார்கள். பிறந்த பின் குழந்தையை அம்புலன்ஸில் கொண்டு ஓடுவதிலும் பார்க்க, தாயின் வயிற்றுக்குள் வைத்தே கொண்டு செல்வது மிகவும் பாதுகாப்பானது.

இவை எல்லாவற்றையும் பிள்ளை பிறப்பதற்கு அரை மணித்தியாலத்துக்கு முன் வந்து சேரும் தாய்க்குச் செய்ய முடியாது. அவளுக்காக வைத்திருந்த மருந்து அலுமாரியிலேயே இருந்துவிடுகிறது.

தாமதம் எங்கே நடக்கிறது?

1994ஆம் ஆண்டில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சீரின் தடியஸ், டெபோரா மேய்ன் என்ற இரு பெண் ஆய்வாளர்கள், தாய்மார் ஏன் இறக்கிறார்கள் என்று ஆராய்ந்து மூன்று தாமதங்களைக் குறிப்பிட்டார்கள். உதவி தேட வேண்டும் என்று முடிவெடுப்பதில் வரும் தாமதம் முதலாவது. வைத்தியசாலையைச் சென்றடைவதில் வரும் தாமதம் இரண்டாவது. சென்ற பின் சிகிச்சை கிடைப்பதில் வரும் தாமதம் மூன்றாவது.

போர்க்காலத்தில் எங்களுக்கு இரண்டாவதும் மூன்றாவதுமே பெரிய தாமதங்களாக இருந்தன. எரிபொருள் இல்லை. கர்ப்பிணிகளை லாண்ட்மாஸ்டர் பெட்டியிலும் சைக்கிள் காரியரிலும் வைத்துக் கொண்டுவந்த நாட்கள் அவை. சத்திர சிகிச்சைக்கு வவுனியாவுக்கு அனுப்ப வேண்டுமென்றால் ஓமந்தைச் சோதனைச் சாவடி குறுக்கே நின்றது. 2009 பெப்ரவரியில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலையே ஷெல் வீச்சுக்கு இலக்கானது. பின்னர் புதுமாத்தளனில் தற்காலிகமாக இயங்கிய வைத்தியசாலையிலிருந்து, காயப்பட்டவர்களைச் சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் கப்பல் திருகோணமலைக்கு ஏற்றிச் சென்றது.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. பாதைகள் திருத்தப்பட்டுள்ளன. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் இலவச அம்புலன்ஸ் சேவை 2018இல் வடக்கிலும் ஆரம்பிக்கப்பட்டது. அரச வைத்தியசாலையில் பிரசவத்துக்குக் கட்டணம் இல்லை. இலங்கையில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேற்பட்ட பிரசவங்கள் வைத்தியசாலைகளிலேயே நடக்கின்றன. 1940களில் ஒரு இலட்சம் பிறப்புகளுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்த நாடு இது. இன்று அந்தத் தொகை ஐம்பதுக்கும் கீழே வந்திருக்கிறது.

ஆனால் முதலாவது தாமதம் மட்டும் எங்கள் வீடுகளுக்குள்ளேயே இருக்கிறது. பாதை போட்டாலும் வாகனம் வந்தாலும் அது தானாகப் போய்விடாது.

"இது நோவா, வேறேதுமா?"

தாய்மார் சொல்லும் முதலாவது நியாயம், அது பிரசவ நோ என்று தெரியவில்லை என்பதே. பிரசவ நோ என்றால் துடிக்க வேண்டும், கத்த வேண்டும் என்றே சின்ன வயது முதல் கேட்டு வந்திருக்கிறோம். சினிமாவிலும் அப்படித்தான் காட்டுகிறார்கள். குறைமாத நோ பெரும்பாலும் அப்படித் தொடங்குவதில்லை. மாதவிடாய்க் காலத்தில் வருவது போன்ற மந்தமான அடிவயிற்று நோ, நாரி உளைவு, தொடைப் பக்கமாய் ஒரு பாரம், வயிற்றோட்டம் வரப்போவது போன்ற ஒரு முறுக்கம். வரும், போகும். படுத்தால் குறைந்தது போலவும் இருக்கும்.

முதற்பிள்ளைக்காரிக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இல்லை. மூன்று பிள்ளை பெற்றவளோ, "என்ரை குத்து எப்பிடி இருக்கும் எண்டு எனக்குத் தெரியாதே?" என்று பழைய நிறைமாத நோவோடு ஒப்பிட்டு இதைத் தள்ளிவிடுகிறாள். வீட்டில் பெரியவர்கள், "சூடு பிடிச்சிருக்கு, சீரகத் தண்ணி குடி" என்பார்கள். சீரகத் தண்ணீர் குடிப்பதில் கெடுதல் இல்லை. அது வேலை செய்யும் வரை பார்த்துக்கொண்டிருப்பதில்தான் கெடுதல் இருக்கிறது.

எங்கள் பகுதியில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. உடம்பில் இன்னும் ஷெல் துண்டுகளோடு வாழும் பெண்கள் இருக்கிறார்கள். முள்ளந்தண்டில், இடுப்பில், வயிற்றில் பழைய காயம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நோ என்பது நாளாந்த விடயம். "மழைக்கு எப்பவும் வாற நோதான்" என்று அவர்கள் நினைப்பதில் வியப்பில்லை. அப்படியான பெண்கள் முதல் கிளினிக்கிலேயே தங்கள் காயத்தைப் பற்றிச் சொல்லி அட்டையில் எழுதுவித்துக்கொள்ள வேண்டும். நோவின் அளவைப் பார்க்காமல், அது விட்டு விட்டு வருகிறதா, வயிறு இறுகி இளகுகிறதா என்பதைப் பார்க்க வேண்டும். பழைய காயத்தின் நோவுக்கு வயிறு கல்லுப் போல இறுகி இளகாது.

பொறுமை பழகிய வீடுகள்

"பங்கருக்குள்ளை நாங்கள் பெறேல்லையே?" என்று மாமிமார் கேட்பதை நான் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஷெல் விழுகின்ற இரவில் நோ கண்ட பெண்ணுக்கு, விடியும் வரை பொறு என்று சொல்வதே அன்று அவளைக் காப்பாற்றும் வழியாக இருந்தது. வெளியில் இறங்கினால் சாவு. ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தவளே கெட்டிக்காரி. அந்தப் பொறுமையால்தான் எங்களில் பலர் இன்று உயிரோடு இருக்கிறோம்.

இன்று பிள்ளை பெறும் வயதில் இருக்கும் பெண்கள் அந்த நாட்களில் சிறுமிகள். தாயிடமும் பேத்தியாரிடமும் பார்த்த பொறுமையை அவர்களும் பழகிக்கொண்டார்கள். இப்போது வெளியில் ஷெல் இல்லை. ஆனாலும் நோ கண்டவுடன் வாயில் வருவது, "விடியட்டும், பார்ப்பம்" என்பதுதான்.

மூத்தவர்களுக்கு நான் மரியாதையோடு சொல்வது இதுதான். அன்று விடியும் வரை பொறுத்தது வேறு வழி இல்லாததால். இன்று வழி இருக்கிறது. பங்கருக்குள் பெற்ற தாய், தன் மருமகளை வாசலில் வாகனம் ஏற்றி விட்டால் அது அந்த நாட்களை மறந்தது ஆகாது. அன்று தனக்குக் கிடைக்காததைப் பிள்ளைக்குக் கொடுப்பதாகும்.

"பிள்ளைகளை ஆரிட்டை விடுறது?"

நோ என்று தெரிந்த பின்னும் பெண்கள் உடனே புறப்படுவதில்லை. கணவனை இழந்தவர்கள், கணவன் காணாமல் ஆக்கப்பட்டவர்கள், கணவன் கொழும்பிலோ வெளிநாட்டிலோ வேலை செய்பவர்கள் ஆகியோரின் மகள்மாரும் மருமக்களும் பல வீடுகளில் தனித்திருக்கிறார்கள். மூத்த பிள்ளைகளை யாரிடம் விடுவது? ஆட்டை யார் கட்டுவது? இரவில் வளவைத் திறந்து போட்டுவிட்டுப் போவதா? கையில் ஓட்டோவுக்குக் காசு இல்லை. நாளைக்கு நுண்கடன் தவணை. கச்சான் பிடுங்கும் கூலி இன்றைக்குத்தான் கிடைக்கும். ஆடைத் தொழிற்சாலையில் ஒரு நாள் நின்றால் சம்பளத்தில் வெட்டு.

சிலருக்குத் தாங்களாக முடிவெடுக்கும் உரிமை இல்லை. அவர் வர வேண்டும், மாமி சொல்ல வேண்டும். தொலைபேசியில் கூடக் கணவன் எடுத்தால்தான் பேச முடியும் என்ற வீடுகளும் உண்டு. 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற மாதங்களில், வாகனம் கிடைக்காது என்று முன்கூட்டியே முடிவு செய்து வீட்டிலேயே இருந்தவர்களும் உண்டு.

இவற்றில் எதையுமே நோ தொடங்கிய பின் தீர்க்க முடியாது. ஆறாம், ஏழாம் மாதத்திலேயே தீர்த்து வைக்க வேண்டும்.

"ஏசுவினம் எண்டு பயமாய்க் கிடக்கு"

பெண்கள் மெதுவாக, கடைசியாகச் சொல்லும் நியாயம் இது. ஒருமுறை நோவென்று போனார்கள். சோதித்துவிட்டு, "ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போ" என்று அனுப்பினார்கள். போகும்போது யாரோ ஒருவர், "சும்மா சும்மா வாறாய்" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு சொல், அடுத்த முறை உண்மையான நோ வரும்போது அவளை ஆறு மணித்தியாலம் வீட்டில் இருத்தி விடுகிறது. பல நாடுகளில் பெண்களை நேரில் கண்டு நடத்திய ஆய்வுகளிலும் இதே விடைகள் வந்திருக்கின்றன. அறிகுறி புரியவில்லை, வீணாக அலைக்கழிப்பதாக எண்ணுவார்களோ என்று தயங்கினோம் என்றே அங்குள்ள பெண்களும் சொல்கிறார்கள்.

சகோதரிகளே, நோ என்று போய் ஒன்றுமில்லை என்று திரும்பி வருவது வீண் பயணம் அல்ல. அது நல்ல செய்தி. அது குறைமாத நோவா இல்லையா என்பதை வைத்தியர் கூடச் சோதித்துப் பார்த்தே சொல்ல முடியும். வீட்டில் இருந்து நீங்கள் சரியாகத் தீர்மானிக்க வேண்டும் என்று எவரும் உங்களிடம் எதிர்பார்க்க முடியாது. பத்து முறை போய் ஒன்பது முறை திரும்பி வந்தாலும் பத்தாவது முறையும் போக வேண்டும்.

வைத்தியசாலையில் கடமையாற்றும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்கு எவ்வளவு வேலை என்பது எனக்குத் தெரியும். என்றாலும், திருப்பி அனுப்பும் தாயிடம், "வந்தது நல்லது, திரும்ப நோ வந்தால் உடனே வா" என்று சொல்லி அனுப்புங்கள். அதற்கு ஒரு நிமிடம் கூடச் செல்லாது.

கர்ப்பத்தை மறைத்து வாழும் பெண்களும் இருக்கிறார்கள். கணவன் இல்லாத நிலையில் கர்ப்பமானவர்கள், பதிவுத் திருமணம் செய்யாதவர்கள், வீட்டில் அடி வாங்கி உடம்பில் தழும்போடு இருப்பவர்கள். ஊர் என்ன சொல்லும் என்ற பயத்தில் கிளினிக்குக்கும் வராமல், நோ வந்த பின்னும் வெளியில் சொல்லாமல் இருக்கிறார்கள். ஊர் சொல்வது சில மாதம். பிள்ளையின் உயிர் அப்படியல்ல. உங்களைப் பரிசோதிப்பது வைத்தியசாலையின் கடமை. எந்த நிலையிலும் வாருங்கள்.

இரண்டு தாய்மார்

2014இல் என் பகுதியில் இரண்டு தாய்மார் சில வாரங்கள் முன்பின்னாக ஒரே நிலைக்கு ஆளானார்கள். இருவருக்கும் 31 வாரம்.

ஒருத்திக்குப் பின்னேரம் நாரி உளைந்தது. வயிறு இறுகி இளகுவதைக் கண்டு பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னாள். அவர் மாதர் சங்கத்தில் இருப்பவர். பிள்ளைகளைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டு அவளை அனுப்பி வைத்தார். கிராமத்து வைத்தியசாலையிலிருந்து பெரிய வைத்தியசாலைக்கு இரவே மாற்றினார்கள். ஊசிகள் முழுவதும் போட்டாகிவிட்டன. மூன்றாம் நாள் குழந்தை பிறந்தது. ஒன்றரைக் கிலோ. கண்ணாடிப் பெட்டியில் இருந்தது, பின் தாயின் நெஞ்சோடு இருந்தது. இப்போது பள்ளிக்கூடம் போகிறது.

மற்றவளுக்கு ஞாயிறு மத்தியானம் மந்தமான நோ தொடங்கியது. கணவன் கடலுக்குப் போயிருந்தான். இரண்டு சின்னப் பிள்ளைகள். சூடு என்று மாமி சொன்னார். அவள் அடுத்த நாளுக்கும் சேர்த்துச் சமைத்து வைத்தாள், உடுப்புத் தோய்த்தாள். விடியற்காலையில் தண்ணீர்க்குடம் உடைந்தது. ஓட்டோவிலேயே பிள்ளை பிறந்தது. ஒரு நாள் உயிரோடு இருந்தது.

ஒரு மாதம் கழித்து அவளைப் பார்க்கப் போனபோது அவள் என்னிடம் சொன்னதை இன்றும் எல்லாத் தாய்மாருக்கும் சொல்லி வருகிறேன். "நோ கூடினால் போவம் எண்டுதான் மிஸ் இருந்தனான். அது கூடவே இல்லை."

நேரத்தோடு வந்திருந்தால் அந்தப் பிள்ளை நிச்சயம் பிழைத்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அதற்கு வேண்டிய ஊசியைப் போட நேரம் இருந்திருக்கும். அவள் சொன்ன அந்த வார்த்தையில்தான் எல்லாப் பாடமும் இருக்கிறது. நோ கூடட்டும் என்று காத்திருக்கக் கூடாது. குறைமாத நோ கூடாமலே பிள்ளை வந்துவிடலாம்.

எப்போது போக வேண்டும்?

37 வாரம் முடிய முன் கீழ்க்காணும் ஏதாவது ஒன்று இருந்தாலும் உடனே போக வேண்டும். பகலா இரவா என்று பார்க்கக் கூடாது.

வயிறு கல்லுப் போல இறுகி இளகுதல், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அல்லது அதற்கும் கிட்டக் கிட்ட வருதல், நோ இல்லாவிட்டாலும் கூட.

மாதவிடாய் நோ போன்ற அடிவயிற்று நோ. விட்டு விட்டு வரும் அல்லது வழமைக்கு மாறான நாரி நோ.

பிள்ளை கீழே தள்ளுவது போன்ற பாரம்.

யோனி வழியாகத் தண்ணீர் பாய்தல் அல்லது கொஞ்சம் கொஞ்சமாகக் கசிதல். சலமா, பனிக்குடத் தண்ணீரா என்று சந்தேகமாக இருந்தாலும் போக வேண்டும்.

இரத்தம் படுதல். வெள்ளைபடுதல் திடீரெனக் கூடுதல், சளி போலவோ தண்ணீர் போலவோ மாறுதல்.

பிள்ளையின் துடிப்புக் குறைதல்.

சலம் கழிக்கும்போது எரிவு, காய்ச்சல் என்பனவும் கவனிக்க வேண்டியவை. சலத்தில் உள்ள கிருமித் தொற்றே சிலருக்கு நோவைக் கிளப்பி விடுகிறது. ஆரம்பத்திலேயே மருந்தெடுத்தால் அதைச் சுகப்படுத்தலாம்.

வயிறு இறுகுவது போல இருந்து நிச்சயமில்லை என்றால், சலம் கழித்துவிட்டு, ஒரு கோப்பை தண்ணீர் குடித்து, இடப்பக்கம் சரிந்து படுத்து, வயிற்றில் கையை வைத்து மணிக்கூட்டைப் பாருங்கள். இறுக்கம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தால் புறப்படுங்கள். இதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் செலவிடக் கூடாது. தண்ணீர் போனாலோ இரத்தம் கண்டாலோ இந்த ஒரு மணித்தியாலமும் இல்லை, உடனே புறப்படுங்கள்.

வயிற்றை எண்ணெய் போட்டு உருவ வேண்டாம். ஆமணக்கெண்ணெய் குடிக்க வேண்டாம். வீட்டில் இருக்கும் நோக் குளிசையைப் போட்டுக்கொண்டு படுக்க வேண்டாம்.

ஆறாம் மாதத்தில் செய்து வைக்க வேண்டியவை

கர்ப்பிணி அட்டை, அடையாள அட்டை, இரண்டு மாற்றுடுப்பு, பிள்ளைக்குத் துணி என்பவற்றை ஒரு பையில் போட்டு வைத்திருங்கள். இன்று எத்தனையாவது வாரம் என்பதைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வைத்தியசாலையில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

பிள்ளைகளை ஏற்கப்போவது யார், ஆடு மாட்டைப் பார்க்கப்போவது யார், இரவில் வரக்கூடிய ஓட்டோ யாருடையது என்பதை இப்போதே கேட்டு வையுங்கள். அந்த இலக்கங்களையும், குடும்பநல உத்தியோகத்தரின் இலக்கத்தையும், 1990 என்பதையும் சுவரில் எழுதி ஒட்டுங்கள். எழுத வாசிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால் அதற்கும் காட்டிக் கொடுங்கள். 1990க்குத் தமிழிலேயே பேசலாம். இடத்தைச் சொல்லும்போது பக்கத்திலுள்ள கோயில், பாடசாலை, சந்தி என்பவற்றின் பெயரைச் சொல்லுங்கள்.

யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கத் தேவையில்லை என்பதைக் கணவரிடமும் மாமியிடமும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். "எனக்குச் சந்தேகம் வந்தால் நான் போய்விடுவேன், பிறகு உங்களுக்குச் சொல்லுவேன்" என்று ஒருமுறை சொல்லி வைத்தால் போதும். அந்த நேரத்தில் வாக்குவாதம் இருக்காது.

வழியில் பிள்ளை பிறந்துவிட்டால் பதற வேண்டாம். குளிப்பாட்டக் கூடாது. மெல்லிய துணியால் ஈரத்தைத் துடைத்து, தாயின் வெறும் நெஞ்சோடு சேர்த்து அணைத்து, தலையையும் முதுகையும் மூடிப் போர்த்துக்கொண்டு தொடர்ந்து வைத்தியசாலைக்குப் போங்கள். தாயின் உடற்சூடு குறைமாதப் பிள்ளைக்கு மருந்து போன்றது. 1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், போதிய கண்ணாடிப் பெட்டிகள் இல்லாத நிலையில் வைத்தியர்கள் கைக்கொண்ட முறை இது. வசதி இல்லாததால் பிறந்த இந்த முறையை, பிறந்த உடனேயே தொடங்கும்படி 2022இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது.

சங்கங்கள் செய்யக்கூடியது

ஒவ்வொரு கிராமத்திலும் மாதர் அபிவிருத்திச் சங்கம் இருக்கிறது. மாதக் கூட்டத்தில் கடன், சேமிப்புக் கணக்குகளைப் பார்க்கும்போது, இந்த மாதம் ஊரில் யார் யார் கர்ப்பிணி, யார் வீட்டில் துணை இல்லை என்பதையும் கேளுங்கள். துணை இல்லாத தாய்க்கு ஒரு பக்கத்து வீட்டுக்காரியைப் பொறுப்பாக்குங்கள். சங்கத்தின் சேமிப்பில் ஒரு சிறு தொகையை இரவுப் பயணத்துக்கென்று ஒதுக்கி வையுங்கள். அந்தப் பணத்தை எடுக்கக் கூட்டத் தீர்மானம் எதுவும் தேவையில்லை என்றும் முடிவு செய்யுங்கள்.

இதை வாசிப்பவர்களில் கர்ப்பிணியாக இருப்பவர்கள் சிலரே இருப்பீர்கள். மற்றவர்கள் தாயாக, மாமியாக, அக்காவாக, அயலவராக இருப்பீர்கள். நோ கண்ட பெண் முதலில் வந்து கேட்பது உங்களிடம்தான். "அக்கா, இது என்னவாய் இருக்கும்?" என்று கேட்பவளுக்கு விடை தெரியாமல் இருப்பதில் குற்றமில்லை. "எனக்கும் தெரியாது, வா போய்க் காட்டுவம்" என்று சொல்லி, அவளுடைய பிள்ளைகளை உங்கள் வீட்டுக்குள் கூப்பிடுங்கள்.